புதுப்பிப்பு: அப்பாவை ஆய்வில் சேர்க்கவில்லை

புது சர்க்கரை மருந்துக்கான ஆய்வுக்கு அப்பாவைக் கூப்பிடுகிறார்கள், அனுப்பலாமா என்று போன மாசம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. அவர் தேர்வாகவில்லை.

மூணு மாச சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 8.4, அவர்கள் கேட்ட வரம்புக்குள்தான். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவுதான் கவிழ்த்துவிட்டது. சிறுநீரகம் தளர்ந்திருந்தால் மருந்து உடம்பில் தேங்கலாம், அப்புறம் எந்தத் தொந்தரவு எதனால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. நியாயம்தான். ஆனால் நாளைக்கு மருந்து கடைக்கு வந்தால் வாங்கப்போவது அப்பா மாதிரி ஆட்களும்தானே? அந்த உறுத்தல் இன்னும் போகவில்லை.

இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வுகளைப் பதிவு செய்யும் சிடிஆர்ஐ தளத்தில் தேடச் சொன்னவருக்குத் தனி நன்றி. 2009 ஜூனிலிருந்து பதிவு கட்டாயம் என்பதால் இதுவும் அங்கே இருந்தது. யாரைச் சேர்ப்பார்கள், யாரை விலக்குவார்கள் என்று வயதிலிருந்து எல்லாம் போட்டிருக்கிறது. கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள், அலைச்சல் மிச்சம்.

ஒப்புதல் படிவம் தமிழிலேயே கொடுத்தார்கள். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு வரி விடாமல் படித்தார். "எப்ப வேணாலும் விலகிக்கலாம்னு போட்ருக்குப்பா" என்று அந்த வரிக்கு அடியில் பேனாவால் கோடு வேறு போட்டார்.

ரத்தப் பரிசோதனைக்குக் காசு வாங்கவில்லை. ரிப்போர்ட் நகலையும் கேட்டு வாங்கிவிட்டேன். அடுத்த வாரம் சிறுநீரக டாக்டரைப் பார்க்கிறோம்.