புதுப்பிப்பு: ‘ஃப்ரீ பப்ளிக் வைஃபை’ வைரஸா?

விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் அமெரிக்க விமான நிலையங்களில் அடிக்கடி தலைகாட்டிய ‘ஃப்ரீ பப்ளிக் வைஃபை’ என்ற வைஃபை நெட்வொர்க் பற்றி முன்பு எழுதியிருந்தேன். இணைத்தால் இணையம் வராது. பெயர் மட்டும் ஊர் ஊராகப் பரவும். “வைரஸா?” என்று பலரும் கேட்டதால் இந்தத் தொடர்ச்சி.

வைரஸ் இல்லை, எக்ஸ்பியின் சுபாவம். ஆன் செய்ததும் லேப்டாப் தனக்குப் பழகிய நெட்வொர்க்குகளைத் தேடும். ஒன்றும் அகப்படாவிட்டால், பட்டியலில் உள்ள அட்-ஹாக் (கணினிகள் நேரடியாகப் பேசிக்கொள்ளும்) நெட்வொர்க்கின் பெயரில் தானே ஒன்றை ஆரம்பித்துவிடும். அட்-ஹாக்கில் ரவுட்டர் கிடையாது. ‘இங்கே இருக்கிறேன்’ என்ற அறிவிப்பு சிக்னலை (பீக்கன்) லேப்டாப்புகளே அனுப்பும். ஆக, ஓசி இணையத்துக்கு ஆசைப்பட்டு ஒருவர் க்ளிக் செய்தால், அடுத்த ஊரில் அவர் லேப்டாப்பே அதே தூண்டிலைப் போடும். அவருக்கே தெரியாது! முதலில் அந்தப் பெயரை வைத்த புண்ணியவான் யாரோ.

இதில் இணைத்தால் ஐபி முகவரி (நெட்வொர்க்கில் கணினியின் அடையாள எண்) ஏன் 169.254 என்று தொடங்குகிறது என்றும் ஒரு கேள்வி. முகவரி கொடுக்கும் வேலையைச் செய்யும் டிஹெச்சிபி சர்வர் இல்லாதபோது கணினி தானாகச் சூட்டிக்கொள்ளும் எண் அது. எனக்குக் கவலை தருவது இந்த இடம்தான்: இரண்டு லேப்டாப்புகள் இப்போது நேருக்கு நேர். வெளியாரைத் தடுக்கும் ஃபயர்வால் இல்லாமல் ஃபோல்டர்களைப் பகிர்ந்து வைத்திருந்தால் பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்க்கலாம். பாதுகாப்பு ஆய்வாளர் மார்க் லவ்லெஸ் 2006-இல் ஷ்மூகான் மாநாட்டில் இதைத்தான் விளக்கினார்.

2008-இல் வந்த எக்ஸ்பியின் அப்டேட் தொகுப்பான சர்வீஸ் பேக் 3 இதைச் சரிசெய்தது. அதைப் போடாத பழைய எக்ஸ்பி இன்னும் ஓடுகிறதென்றால், வயர்லெஸ் அமைப்பின் அட்வான்ஸ்ட் பகுதியில் ‘ஆக்சஸ் பாயின்ட் நெட்வொர்க்குகள் மட்டும்’ (ரவுட்டர் போன்ற கருவி வழியானவை மட்டும்) என்பதைத் தேர்ந்தெடுங்கள்.