‘நொதி முடக்கம்’ வேண்டாம், ‘நொதியத் தரிப்பு’ என்போம்

அன்பின் நண்பர்களுக்கு,

நொதியத்தை (enzyme) ஒரு திண்மப் பொருளில் நிறுத்திவைத்துத் தொழிற்படவிடுவதை ஆங்கிலத்தில் enzyme immobilization என்பார்கள். அதற்குத் தமிழ்ச் சொல்லாக நம் குழுவில் கோவை ஐயா முன்வைத்த ‘நொதி முடக்கம்’ எனக்கு உடன்பாடில்லை. திருகோணமலையில் உயர்தர மாணவருக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். ‘முடக்கம்’ என்றதும் பிள்ளைகளின் நினைவு நிரோதிக்கு, அதாவது நொதியத்தின் தொழிலைத் தடுக்கும் பொருளுக்குப் போகிறது. நொதியம் செயலிழந்துவிட்டது என்றே விளங்கிக்கொள்கிறார்கள். நடப்பதோ நேர்மாறு. 1916இல் நெல்சன், கிரிஃபின் என்ற ஆய்வாளர்கள் இன்வேர்ட்டேசு என்ற நொதியத்தைக் கரியில் ஒட்டவைத்தபோது, அது கரியில் இருந்தபடியே சுக்குரோசைப் பிரித்தது. நொதியம் ஓரிடத்தில் நின்றது, அதன் தொழில் நிற்கவில்லை.

வேறு சொற்களும் பொருந்தவில்லை. ‘நிலைப்படுத்தல்’ வெப்பத்தைத் தாங்கும் உறுதியைச் சொல்லத் தேவைப்படும். ‘பிணைத்தல்’ போதாது. ஏன் போதாது என்பதைக் களிக் கனிமங்களில் நன்றாகப் பார்க்கலாம்.

மொன்ட்மொரிலோனைற்று என்ற களியின் படலங்கள் மறை (−) ஏற்றம் கொண்டவை. லைசோசைம் என்ற நொதியத்தின் சமமின் புள்ளி (அதன் நிகர ஏற்றம் பூச்சியமாகும் pH) 11 அளவில் இருப்பதால், நடுநிலைக் கரைசலில் அது நேர் (+) ஏற்றத்துடன் இருக்கும். தானாகவே வந்து ஒட்டும். இது புறத்துறிஞ்சல். உப்புச் செறிவு கூடினால் கழன்றுவிடக்கூடும். களி விரிந்து கொடுத்தால் சில நொதியங்கள் படலங்களுக்கு இடையிலும் புகும். ஹலோசைற்று என்ற இன்னொரு களி சுருண்ட குழல்; உள்விட்டம் ஏறத்தாழ 15 நானோமீற்றர், நொதியத்தை உள்ளே ஏற்றலாம். களியின் மேற்பரப்பில் அமினோசிலேன் பூசி, குளூட்டரல்டிகைட்டு என்ற இணைப்பு வேதிப்பொருளால் பங்கீட்டு வலுப்பிணைப்பும் (covalent bond) உண்டாக்கலாம். அப்போது எளிதில் கழலாது, ஆனால் நொதியம் தொழிற்படும் இடமான உயிர்ப்பு மையத்துக்கு அருகே பிணைப்பு விழுந்தால் தொழிற்பாடு குறையும். இந்த நான்கில் கடைசி மட்டுமே உண்மையான பிணைப்பு.

அதனால் ‘தரிப்பு’ என்கிறேன். தமிழகத்தில் ‘பேருந்து நிறுத்தம்’ என்பதை நாங்கள் ‘பஸ் தரிப்பிடம்’ என்போம், ஆகவே இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சொல். தரித்து நிற்பது உறுதியாகவும் இருக்கலாம், தற்காலிகமாகவும் இருக்கலாம். அடைமொழி சேர்த்தால் வகைகளும் வந்துவிடுகின்றன: புறத்துறிஞ்சல் தரிப்பு, படலிடைத் தரிப்பு, குழலகத் தரிப்பு, பிணைப்புத் தரிப்பு. நொதியத்தைச் சுமக்கும் களிக்குத் ‘தாங்கி’ போதும். வேதி ஊக்கிகளைச் (catalyst) சுமக்கும் பொருளுக்கும் அதே சொல் பொருந்தும்.

‘தரித்தல்’ தமிழகத்தில் அணிவதையும் கருத்தரிப்பதையும் நினைவூட்டும் என்று சென்னை அக்கா சொல்லக்கூடும். ‘நொதியத்’ என்ற முன்னொட்டோடு வரும்போது அந்தக் குழப்பம் எழாது என்றே நம்புகிறேன்.

இன்னொன்று தீர்க்க வேண்டியிருக்கிறது. நொதியம் தாங்கியிலிருந்து மெல்ல மெல்லக் கரைசலுக்குள் போய்விடுவதை ‘கசிவு’ என்று எழுதியிருக்கிறோம். கசிவது திரவம் அல்லவா? ‘கழல்வு’ சரிவருமா, சொல்லுங்கள்.