மூணாவது பசங்கள கிளாஸ்ல எப்படி பேச வைக்கிறது?

டீச்சரம்மா: கவர்மெண்ட் ஸ்கூல்ல மூணாவது எடுக்கிறேன், எண்ணும் எழுத்தும் (சின்ன கிளாஸ் பசங்களுக்கு படிக்க, எழுத, கணக்கு போட சொல்லித்தர்ற அரசு திட்டம்) கிளாஸ்தான், பாட்டு ஆட்டம்னா எல்லாம் குதிக்குதுங்க ஆனா கேள்வி கேட்டா நாலஞ்சு பேர்தான் வாய தொறக்குது, மத்ததெல்லாம் தரைய பாக்குது. என்ன பண்ணலாம்?

பழைய வாத்தியார்: கை தூக்குறவங்களயே கேக்காதீங்க மேடம். கேள்விய போட்டுட்டு பக்கத்துல இருக்கிறவன்கிட்ட பதில சொல்லுன்னு விடுங்க, அப்புறம் "உன் பிரெண்டு என்னடா சொன்னான்?"னு கேளுங்க. தப்பானாலும் அது அவன் பதில் இல்லையே, தைரியமா சொல்லிடுவான்.

மதுரக்காரன்: காலைல சாப்பிட்டுச்சான்னும் பாருங்க. 2022ல காலை உணவு திட்டம் வந்தப்புறம் எங்க பக்கம் ஃபர்ஸ்ட் பீரியட் சோர்வு நல்லாவே கொறஞ்சுது.

சிலேட்டு: ஏபிஎல் (செயல்வழிக் கற்றல்) காலத்துல புள்ளைங்க ஒயரத்துக்கு சுவத்துல கரும்பலகை போட்டாங்களே, இன்னும் இருக்கா? ஆளுக்கொரு கட்டம் பிரிச்சு குடுங்க, பேசாததுங்க கூட அதுல கிறுக்கும், அங்கிருந்து பேச்ச ஆரம்பிங்க. அப்புறம் எண்ணும் எழுத்துல அரும்பு லெவல்ல (ஆரம்ப நிலை) இருக்கிற புள்ளைகிட்ட மலர் (மேல் நிலை) கேள்விய கேட்டா அது தரையதான் பாக்கும்!

டீச்சரம்மா: பலகை இருக்கு சார், அது மேல பூரா சார்ட் ஒட்டி வச்சிருக்கோம் 😀 நாளைக்கே எடுத்துடுறேன், எச்எம் என்ன சொல்வாரோ.