பல்லை எடுத்த பிறகும் அதே வலி: நீங்கள் பார்த்தது என்ன?

பல் மருத்துவர், மதுரை
வலது கீழ்க்கடைவாயில் மூன்று பல் ஏற்கெனவே போயிருந்தது. நான்காவதையும் எடுத்துவிடுங்கள் என்று வந்தார் 60 வயது அம்மா. எக்ஸ்ரேயில் அந்தப் பல் சுத்தம். ஐஸ் வைத்தால் கூச்சம் இரண்டு நொடியில் அடங்கியது, தட்டினால் வலியில்லை. உதட்டோரம் பஞ்சு நுனி பட்டதுதான் தாமதம், பேச்சு நின்றது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, கையை முகத்துக்கு ஓர் அங்குலம் தள்ளியே நிறுத்திக்கொண்டார். தொடவில்லை. பல்வலிக்காரர் கன்னத்தை அழுத்திப் பிடிப்பார். ட்ரைஜெமினல் நியூரால்ஜியா, அதாவது முகத்து உணர்வு நரம்பிலிருந்து வரும் சுளீர் வலி என்றால் பெரும்பாலும் தொடவே பயப்படுவார்கள்.

பல் மருத்துவர், திருச்சி
சந்தேகம் இருந்தால் மரத்துப்போகும் ஊசி போட்டுப் பார்க்கலாமே. வலி நின்றால் பல்தான்.

வாய்நோய் மருத்துவர், சென்னை
இல்லை டாக்டர், இந்த நம்பிக்கையில்தான் நல்ல பற்கள் போகின்றன. கீழ்த்தாடை ஊசி பல்லை மட்டுமா மரக்க வைக்கிறது? உதடு, கன்னத்து ஈறு, வலியைக் கிளப்பும் இடம் எல்லாம் சேர்ந்தே மரத்துவிடும். நரம்பு வலியும் அப்போது நிற்கத்தான் செய்யும். போதாததற்கு, இந்த வலி தானாகவே மாதக்கணக்கில் காணாமல் போகும். அதற்குச் சற்று முன் ஒரு பல்லை எடுத்திருந்தால், எடுத்ததால்தான் சரியாயிற்று என்று இரு தரப்பும் நம்பிவிடுவோம். வலி திரும்பும்போது பக்கத்துப் பல்லின் முறை. கடித்த பல்லைத் தளர்த்தும்போது சுளீர் என்றால் மட்டும் பல் விரிசலைத் தேடுங்கள். பல்லின் மேட்டு முனைகளில் ஒவ்வொன்றாகக் கடிக்க வைத்துப் பார்க்க வேண்டும்.

நரம்பியல் மருத்துவர், கோவை
யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். இந்த நரம்பு வலிக்குத் தரும் கார்பமசெபின் மாத்திரையைத் தொடங்குமுன், எச்எல்ஏ-பி 1502 என்ற மரபணு வகை இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். அது இருப்பவர்களுக்குத் தோலே உரிந்துபோகும் ஆபத்து உண்டு. நம் ஆசிய மக்களிடம் அது அதிகம். ஆரம்பம் காலை 100 மி.கி., இரவு 100 மி.கி., சாப்பாட்டோடு. சில நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் பலருக்கு ஒரு நாளைக்கு 400 முதல் 800 மி.கி.க்குள் வலி அடங்கிவிடும். மூன்று நான்கு வாரத்தில் வலி மறுபடி எட்டிப் பார்த்தால் மருந்து தோற்றுவிட்டது என்று மாற்றாதீர்கள். ஈரல் இந்த மருந்தை வேகமாகக் கரைக்கப் பழகிவிடுகிறது. அளவைத்தான் திருத்த வேண்டும். வயதானவர் தள்ளாடினாலோ குழம்பிப் பேசினாலோ உடனே ரத்தத்தில் சோடியம் அளவு குறைந்திருக்கிறதா பாருங்கள். திடீரென நிறுத்தவே கூடாது. எம்ஆர்ஐயில் நரம்பின் வேர் தெரியும்படி மெல்லிய வெட்டுகள் கேளுங்கள். அங்கே ரத்தக்குழாய் அழுத்துவதுதான் பல பேருக்குக் காரணம். பல் எடுத்த இடத்தில் நாளெல்லாம் மந்தமாக எரிகிற வலி வேறு வகை. அதற்கு அமிட்ரிப்டிலின் என்ற வேறு மாத்திரை, இரவில் 10 மி.கி. தொடக்கம்.

பல் மருத்துவர், மதுரை
ஈறு பற்றியும் ஒன்று. வலிக்குப் பயந்து அந்தப் பக்கம் துலக்குவதையே விட்டுவிடுவார்கள். காறை ஏறி ஈறு வீங்கும், பிறகு பழி ஈறின் மேல். மாத்திரை வேலை செய்கிற நேரம் பார்த்து, மிக மென்மையான பிரஷ்ஷால், வெதுவெதுப்பான நீரில், வலியில்லாத பக்கத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.