‘ஹைசைட்’டுக்கு ஒரு தமிழ்ச் சொல், வெள்ளிக்குள்

ஹட்டன் ஆசிரியர்:
வணக்கம். மின்னோட்டம் உணரும் விரியலாக்கி (தடையியில் விழும் சிறு வோல்ற்றளவைப் பெருக்கிக் காட்டும் சிப்) பற்றிய செய்முறைத் தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பற்றரிக்கும் சுமைக்கும் இடையில் 0.01 ஓம் தடையி. 5 அம்பியர் ஓடினால் அதில் விழுவது 50 மில்லிவோல்ற்று. பிள்ளைகளோ பல்மானியின் (மல்டிமீற்றர்) கறுப்பு வயரைப் புவியில் வைத்துவிட்டு, “ரெண்டு உள்ளீட்டிலயும் 12 வோல்ற்று வருது சேர், சிப் எரிஞ்சிருச்சு” என்கிறார்கள். தடையி இப்படிப் பற்றரிப் பக்கம் இருப்பதுதான் ‘ஹைசைட்’; அதற்கு நான் எழுதிய ‘உயர்பக்க’த்தை உயர் அழுத்தம் என்றே படிக்கிறார்கள். வேறு சொல் வேண்டும்.

பண்டாரவளை:
‘மேற்பக்கம்’ போதுமே. தடையி சுமைக்கு மேலே இருந்தால் மேற்பக்கம், சுமைக்கும் புவிக்கும் நடுவில் என்றால் கீழ்ப்பக்கம். சிப் 5 வோல்ற்றில் ஓடினாலும் உள்ளீட்டில் 26 வோல்ற்று வரை தாங்கும் வகைகள் உண்டு என்றும் எழுதுங்கள், பயம் போகும்.

நுவரெலியா டீச்சர்:
மேற்பக்கம் என்றால் என் வகுப்பில் தாளைத் திருப்பிப் பார்ப்பார்கள்!

கண்டி:
‘தலைமடை’. வாய்க்காலில் நீர் முதலில் பாய்வது தலைமடை, கடைசியில் கடைமடை. மின்னோட்டமும் பாய்வதுதானே? நன்னூலின் ஏழாம் வேற்றுமை உருபுகளில் தலையும் கடையும் இருக்கின்றன. தலைமகன், தலைநாள் என்று முதன்மைப் பொருளும் சேர்ந்தே வருகிறது.

பண்டாரவளை:
அதே பட்டியலில் மேலும் கீழும் இருக்கின்றன, ஐயா.

பதுளை:
தோட்டத்துப் பிள்ளைக்கு மடை எங்கே தெரியும்? அவனுக்குத் தெரிந்தது தண்ணீர் வந்து விழும் பீலி.

சொல் கிடக்கட்டும். சேர், உள்ளீடுகளில் வடிகட்டிக்காக 1 கிலோஓம் போட்டிருக்கிறீர்களா? உள்ளீட்டுக்கு 20 மைக்ரோஅம்பியர் இழுக்கும் சிப் என்றால் ஒவ்வொன்றிலும் 20 மில்லிவோல்ற்று அங்கேயே விழும். இரண்டும் சமமில்லாவிட்டால் உங்கள் 50 மில்லிவோல்ற்றை நம்பவே முடியாது. 10 ஓமைத் தாண்ட வேண்டாம்.

கண்டி:
பீலியா? ‘மேற்பீலி விரியலாக்கி’ என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு சுளுக்கும். தவிர, பீலி என்றால் மயிலிறகு.

நுவரெலியா டீச்சர்:
சரி, மேற்பக்கமே இருக்கட்டும். எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் நாளை வியாழன்.

ஹட்டன் ஆசிரியர்:
நன்றி. ‘மேற்பக்கம்’ என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குள் ஹைசைட் என்று எழுதுகிறேன். பல்மானியின் இரண்டு வயரையும் தடையியின் இரு முனையில் வைத்து அளக்கச் சொல்லி ஒரு வரி சேர்த்தாயிற்று. 1 கிலோஓம் தடையிகளையும் கழற்றுகிறேன்.

கண்டி:
என் மறுப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். ‘விரியலாக்கி’ பற்றியும் நீண்ட மடல் ஒன்று வருகிறது.