உரச்சத்து ஆற்றில் கலப்பதைக் குறைத்தால் டோக்கனாம், சேரலாமா?

கடைமடை மஞ்சள்காடு:
வணக்கமுங்க. கொடுமுடிப் பக்கம் காலிங்கராயன் பாசனத்தில் மஞ்சளும் வாழையும் வைத்திருக்கிறோம். போன வாரம் எங்கள் உழவர் குழுவுக்கு ஒருவர் வந்திருந்தார். யூரியா, டிஏபியைக் குறைத்து, ஓடைக்கரையில் பத்தடிக்குப் புல் விட்டால், ஆற்றுக்குப் போகாமல் நின்ற ஒவ்வொரு கிலோ நைட்ரஜனுக்கும் பிளாக்செயினில் (பதிந்ததை அழிக்க முடியாத கணினிப் பதிவேடு) விற்கக்கூடிய ஒரு டோக்கன் விழும், அதைத் திருப்பூர் சாய ஆலைகள் வாங்கிக்கொள்ளும் என்கிறார். ஏக்கருக்கு இவ்வளவு என்று சேர்க்கைக் கட்டணமும் கேட்கிறார். எங்கள் கசிவு ஓடையில் உரச்சத்தால் பாசி கட்டி, ஆகாயத்தாமரை மண்டி, வாரம் ஒருமுறை மோட்டார் குழாயின் அடியில் இருக்கிற ஃபுட்வால்வைக் கழற்றிக் கழுவ வேண்டியிருக்கிறது, அதனால் குறைக்க வேண்டும் என்ற ஆசை நிஜமாகவே இருக்கிறது. ஆனால் போகாத நைட்ரஜனை எப்படி அளப்பார்கள்? வாங்க ஆள் இருக்கிறதா?

தண்ணி டெஸ்ட்:
ஈரோட்டில் தண்ணீர் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் நைட்ரஜன் இருக்கிற தண்ணீர் நாளைக்குப் பத்து லட்சம் லிட்டர் ஓடினால் ஒரு கிலோ, கணக்கு அவ்வளவுதான். ஆனால் பலரும் பாட்டிலில் பிடித்த தண்ணீரை மட்டும் சோதித்துவிட்டு ஓட்டத்தை விட்டுவிடுகிறார்கள், ஓட்டம் தெரியாமல் கிலோ வராது. ஓடையின் குறுக்கே முக்கோணமாக வெட்டிய தகடு வைத்து, தண்ணீர் நிற்கும் உயரத்தை ஸ்கேலில் பார்த்தால் போதும், உயரத்திலிருந்து ஓட்டத்தைக் கணக்கிடலாம். மாதிரியை உடனே ஐஸ் பெட்டியில் வைக்க வேண்டும். வெயிலில் பைக்கில் கட்டி வந்த பாட்டிலுக்குள் நுண்ணுயிர்கள் நைட்ரஜனை மாற்றத் தொடங்கியிருக்கும், அந்த அளவை நான் ஏற்பதே இல்லை.

அப்புறம், பாஸ்பரஸ் பெரும்பாலும் மண்ணோடு ஒட்டிக்கொண்டு ஐப்பசி மழையில் ஒரே ராத்திரியில் போய்விடும். மாதம் ஒருமுறை மாதிரி எடுப்பவர் அந்த ராத்திரியைப் பார்க்கவே மாட்டார். நைட்ரேட் அப்படியில்லை, கரைந்து கீழே இறங்கி, நிலத்தடி நீர் வழியாக ஓடைக்கு வர வருஷங்கள்கூட ஆகலாம். இந்தப் பட்டத்தில் நீங்கள் குறைத்தது இந்தப் பட்டத்திலேயே ஓடையில் தெரியும் என்று யாராவது உறுதி சொன்னால் நம்பாதீர்கள். இப்படிக் குறைத்ததை ஆலைகளுக்கு விற்கிற அமெரிக்காவில் வயல் கணக்கைப் பெரும்பாலும் நேரில் அளக்காமல் கணினியில் உத்தேசமாகத்தான் போடுகிறார்கள், அதில் பிசகு இருக்கும் என்பதால் பல இடங்களில் வயலில் இரண்டு பவுண்டு குறைத்தால்தான் ஆலைக்கு ஒரு பவுண்டு வரவு.

கோவை கோடர்:
அண்ணா, நான் பிளாக்செயின் வேலைதான் செய்கிறேன். ஒரே பதிவேட்டுக்குள் ஒரு கிலோவை இரண்டு பேருக்கு விற்க முடியாது, வாங்கியவர் கணக்குக் காட்டியதும் டோக்கன் அழிந்துவிடும், அதை யாரும் பார்க்கலாம். இது நல்ல விஷயம், இதற்கு மேல் அது ஒன்றும் செய்யாது. ஓடையில் வைத்த சென்சாரில் பாசி ஏறித் தப்பாகக் காட்டினால் அந்தத் தப்பும் அழியாமல் அப்படியே இருக்கும்.

வாங்க ஆள் வேண்டும் என்றால் முதலில் இவ்வளவுதான் ஆற்றில் கலக்கலாம் என்று சட்டம் ஒரு உச்சவரம்பு வைக்க வேண்டும், அதைத் தாண்டுபவர்தான் வாங்க வருவார். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 2002 முதல் சாக்கடை சுத்திகரிப்பு நிலையங்கள் நைட்ரஜன் வரவு வாங்கி விற்கின்றன, அங்கேயே செசபீக் விரிகுடாவுக்கு 2010-ல் நைட்ரஜன், பாஸ்பரஸ், வண்டல் மூன்றுக்கும் வரம்பு வைத்தார்கள், நியூசிலாந்தில் டாப்போ ஏரியைச் சுற்றிப் பண்ணைகளுக்கே வரம்பு உண்டு. இங்கே, சுற்றுச்சூழலுக்கு நல்லது செய்தால் வரவு தரும் மத்திய அரசின் கிரீன் கிரெடிட் விதிகள் 2023 அக்டோபரில் வந்தன, அதில் விருப்பப்பட்டவர் சேரலாம், தொடங்கியது மரம் நடுவதில். வயலுக்குக் கிலோக் கணக்கில் நைட்ரஜன் வரம்பு நம்மிடம் இல்லை. வரியையும் மறக்காதீங்க. டோக்கன் விற்ற லாபத்துக்கு 2022-லிருந்து 30 சதவீதம், நஷ்டத்தை வேறு வருமானத்தில் கழிக்க முடியாது.

கீழ்பவானி புஞ்சை:
தம்பி, சாய ஆலை வாங்கும் என்கிறாரே, அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. நொய்யலையும் ஒரத்துப்பாளையம் அணையையும் கெடுத்தது முக்கியமாக உப்பு. 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் அதற்காகத்தான், சொட்டுக் கழிவும் வெளியே விடக்கூடாது என்றுதான் அவர்களுக்கு உத்தரவு. நீங்கள் யூரியா குறைத்ததை வைத்து அவர்கள் உப்பைக் கழிக்க வழியே இல்லை.

இன்னொன்று. 45 கிலோ யூரியா மூட்டையில் நைட்ரஜன் 20 கிலோ சொச்சம். ஒரு மூட்டை குறைத்தால் 20 டோக்கன் என்று அவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள், அதில் பயிர் எடுப்பது, காற்றில் போவது எல்லாம் கழித்து மிச்சம்தான் ஓடைக்கு. நான் மஞ்சளுக்குச் சொட்டுநீரில் உரம் பிரித்துக் கொடுக்க ஆரம்பித்த பிறகு மூட்டை குறைந்தது, அந்தக் காசு யாரையும் கேட்காமல் என் பையில்தான் இருக்கிறது.

கடைமடை மஞ்சள்காடு:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். கட்டணம் கட்டுவதில்லை என்று குழுவில் சொல்லிவிட்டேன். புல் மட்டும் விடுகிறோம். தண்ணி டெஸ்ட் அண்ணா, ஓடை நாலடி அகலம், அந்தத் தகட்டை எந்த அளவில் வெட்டச் சொல்ல வேண்டும்? ஐப்பசி மழைக்கு முன்னால் வைத்துவிட வேண்டும்.