கேஸில் ஏறும் ஜிப்சி பெட்ரோலில் ஏற மறுக்கிறது: குறை எங்கே?

மலைப்பாதை:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 1998ஆம் ஆண்டின் மாருதி ஜிப்சி கிங், 1.3 லிட்டர் கார்புரேட்டர் எஞ்சின். ஆர்சி புத்தகத்தில் முறையாகப் பதிந்த எல்பிஜி கிட் உண்டு. செலவு குறைவு என்பதால் இரண்டு ஆண்டுகளாகப் பெரும்பாலும் கேஸில்தான் ஓட்டுகிறேன். காலையில் ஸ்டார்ட் செய்ய மட்டுமே பெட்ரோல்.

சென்ற மாதம் கேஸ் தீர்ந்துபோனதால் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்குப் பெட்ரோலில் ஏறினேன். சமவெளியில் எந்தக் குறையும் தெரியவில்லை. மலை ஏறத் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் வண்டி இழுக்கத் திணறி, குலுங்கி, நின்றுவிட்டது. ஐந்து நிமிடம் நிறுத்திவைத்தால் ஸ்டார்ட் ஆகிறது. சற்றுத் தூரம் ஏறியதும் மறுபடியும் அதே கதை. கேஸ் நிரப்பிய பிறகு அதே ஏற்றத்தில், அதே கியரில், ஒரு தடுமாற்றமும் இல்லாமல் ஏறுகிறது.

பட்டறையில் பிளக், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, பெட்ரோல் ஃபில்ட்டர் ஆகியவற்றை மாற்றி, கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றிச் சுத்தம் செய்தும் பயனில்லை. இப்போது புதிய கார்புரேட்டர் வாங்கச் சொல்கிறார்கள். வாங்குவதற்கு முன் வேறு எதையாவது சோதிக்க வேண்டுமா? கூடவே இன்னொரு சந்தேகம்: குளிர்ந்த காலைகளில் கேஸுக்கு மாற்றியதும் ரெட்யூசரின் (திரவ கேஸை ஆவியாக்கி எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) மேல் வெண்மையாக உறைபனி படிந்து, எஞ்சின் ஏறி இறங்கி ஓடுகிறது. இரண்டுக்கும் தொடர்பு இருக்குமா?

பழைய பட்டறை:

தம்பி, கார்புரேட்டருக்குப் பணம் கட்டிவிடாதீர்கள். உங்கள் வண்டியே பாதி விடையைச் சொல்லிவிட்டது. அதே ஏற்றத்தில் கேஸில் ஒழுங்காக ஏறுகிறது என்றால் கம்ப்ரஷன், கிளட்ச், சைலன்சர், இக்னிஷன் ஆகிய எல்லாம் நன்றாக இருக்கின்றன என்று பொருள். கேஸைப் பற்றவைக்கப் பெட்ரோலைவிட வலுவான பொறி வேண்டும். ஆகவே பிளக்கில் குறை இருந்திருந்தால் அது முதலில் கேஸில்தான் தெரிந்திருக்கும். நிறுத்திவைத்தால் மீண்டும் ஓடுகிறது என்பதிலிருந்து, கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் ஃப்ளோட் கிண்ணம் மெதுவாக நிரம்புகிறது, ஆனால் ஏற்றத்தில் செலவாகும் வேகத்துக்கு ஈடு கொடுக்கவில்லை என்று தெரிகிறது. எனவே டேங்க்குக்கும் கிண்ணத்துக்கும் இடையே எங்கோ வரத்து குறைந்திருக்கிறது.

முதலில், வண்டி திணறும் அந்த நேரத்திலேயே டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்டு வண்டி உடனே தேறினால், மூடியின் காற்று வழி அடைத்திருக்கிறது. அதில் மாற்றம் இல்லையென்றால், பெட்ரோல் சோலினாய்டின் (கேஸில் ஓடும்போது பெட்ரோலை நிறுத்தும் மின் வால்வு) அடியில் கையால் திறக்கும் திருகு இருக்கும்; அதைத் திறந்து வைத்து ஒரு முறை மலை ஏறுங்கள். சூட்டில் அதன் காயில் வலுவிழந்து வால்வு பாதி மூடிக்கொள்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சோதனை முடிந்ததும் திருகை மறக்காமல் மூடிவிடுங்கள். இல்லையென்றால் கேஸில் ஓடும்போது பெட்ரோலும் சேர்ந்து இறங்கும்.

அடுத்த சோதனை இரட்டை எரிபொருள் வண்டிக்கே உரிய வசதி. உங்கள் வண்டியின் பெட்ரோல் பம்ப் எஞ்சினோடு சுழலும் கேம்ஷாஃப்ட்டால் இயங்குவது. எஞ்சின் கேஸில் ஓடினாலும் அது அடித்துக்கொண்டேதான் இருக்கும். ஆகவே சோலினாய்டுக்கு முன்னால் ஹோஸைக் கழற்றி, நீளமான இன்னொரு ஹோஸை இணைத்து, வண்டியிலிருந்து தள்ளி வைத்த உலோகக் கேனில் விட்டு, எஞ்சினைக் கேஸில் ஐடிலில் ஓட்டி, ஒரு நிமிடத்தில் எவ்வளவு விழுகிறது என்று அளந்து பாருங்கள். முழுச் சுமையில் இந்த எஞ்சினுக்கு நிமிடத்துக்குக் கால் லிட்டருக்குச் சற்று மேல் தேவைப்படும். அதைவிடத் தாராளமாக விழ வேண்டும். திறந்த வெளியில், எஞ்சின் ஆறியிருக்கும்போது, தீயணைப்பான் பக்கத்தில் இருக்க, இன்னொருவர் துணையோடு மட்டுமே இதைச் செய்யுங்கள்.

நான்கு சக்கரம்:

அண்ணன் சொன்ன வரிசையே சரி. அதோடு பம்ப்புக்கு முன்னால் உள்ள ஹோஸ்களில் தனிக் கவனம் வையுங்கள். பம்ப்புக்குப் பின்னால் ஓட்டை இருந்தால் பெட்ரோல் கசிந்து வாசனை வரும். முன்னால் உள்ள உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் பெரும்பாலும் ஒரு சொட்டும் கசியாது. பெட்ரோலோடு காற்றை இழுக்கும். ஏற்றத்தில் வண்டியின் முகம் மேலே நிற்க, டேங்க் பின்னால் தாழ்ந்துவிடுவதால் பம்ப் இன்னும் கூடுதலான உயரத்துக்கு இழுக்க வேண்டியிருக்கிறது. சமவெளியில் மறைந்திருந்த ஓட்டை அங்கே வெளிப்படும். பம்ப்பின் உள்வாயிலில் ஒளி ஊடுருவும் பெட்ரோல் குழாய் ஒரு சாண் நீளத்துக்குச் சோதனைக்காக மட்டும் பொருத்திப் பார்த்தால் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும். இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோல், 1998ஆம் ஆண்டு ரப்பரை எண்ணிச் செய்ததல்ல. கார்புரேட்டர் இல்லாத எம்பிஎஃப்ஐ (பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் வகை) ஜிப்சி வைத்திருப்போர் இந்தச் சோதனைகளைச் செய்ய வேண்டாம். அதில் பம்ப் டேங்க்குக்குள் மின்சாரத்தில் ஓடுகிறது, லைனில் அழுத்தமும் மிக அதிகம்.

கேஸ்காரர்:

உறைபனி தனிக் குறை. திரவமாக வரும் எல்பிஜி ரெட்யூசரில் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை உறிஞ்சும். அந்த வெப்பத்தைக் கொடுப்பது ரேடியேட்டர் தண்ணீர். பனி படிகிறது என்றால் வெந்நீர் வந்து சேரவில்லை. ரெட்யூசர் உயரத்தில் இருந்தால், ரேடியேட்டரில் தண்ணீர் சற்றுக் குறைந்தாலும் முதலில் வறண்டுபோவது அதுதான். எஞ்சின் சூடான பின் ரெட்யூசரின் இரண்டு தண்ணீர் ஹோஸ்களையும் தொட்டுப் பாருங்கள். இரண்டுமே சூடாக இருக்க வேண்டும். பெட்ரோலில் எஞ்சினைச் சூடாக்கிய பிறகே கேஸுக்கு மாற்றுங்கள். ரெட்யூசரின் அடியில் வடிகால் திருகு இருந்தால், கேஸ் வால்வை மூடி, லைனில் உள்ள கேஸ் தீரும்வரை எஞ்சினை ஓட்டி நிறுத்திய பிறகு அதைத் திறந்து, தேங்கிய கறுப்பு எண்ணெயை வடித்துவிடுங்கள்.

மலைப்பாதை:

மூவருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை என் மைத்துனரைத் துணைக்கு வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் செய்து பார்த்தேன். டேங்க் மூடியைத் திறந்ததில் மாற்றம் இல்லை. சோலினாய்டைக் கையால் திறந்து வைத்தும் அதே இடத்தில் நின்றது. கேஸில் ஓட்டி அளந்தபோது ஒரு நிமிடத்தில் 150 மில்லி மட்டுமே விழுந்தது; அதுவும் சீராக விழாமல் விட்டுவிட்டுத் துப்பியது. ஒளி ஊடுருவும் குழாயைப் பொருத்தியதும் மணி கோத்ததுபோல் குமிழிகள் வரிசையாக ஓடின.

டேங்க்கிலிருந்து, வண்டிச் சட்டத்தோடு (சேசி) ஓடும் உலோகக் குழாய்க்கு வரும் குட்டி ஹோஸில்தான் குறை இருந்தது. வெளியே பார்த்தால் நல்ல ஹோஸ், ஈரம்கூட இல்லை. கிளிப்பைத் தளர்த்தி ஹோஸை வளைத்ததும், கிளிப் அழுத்திய இடத்தில் வட்டமாக வெடிப்பு வாய் திறந்தது. உள்பக்க ரப்பர் விரலில் கறுப்பாக ஒட்டிக்கொண்டு செதில் செதிலாக உதிர்ந்தது. எத்தனாலுக்கு ஏற்ற ஹோஸாக வாங்கி, டேங்க் முதல் கார்புரேட்டர் வரை, மிஞ்சிய பெட்ரோல் டேங்க்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைன் உட்பட எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன். இப்போது அதே ஒரு நிமிடத்தில் 700 மில்லிக்கு மேல் விழுகிறது; நேற்று பெட்ரோலிலேயே கோத்தகிரி வரை நிற்காமல் ஏறினேன். ரேடியேட்டரில் தண்ணீர் ஏறத்தாழ ஒரு லிட்டர் குறைவாக இருந்தது. ஊற்றி, காற்றை வெளியேற்றிய பிறகு உறைபனி படியவில்லை. அந்தத் தண்ணீர் எங்கே போனது என்பதைத்தான் இனிப் பார்க்க வேண்டும்.

பழைய பட்டறை:

மகிழ்ச்சி, தம்பி. தண்ணீருக்கு முதலில் ரெட்யூசர் ஹோஸ் கிளிப்புகளையும் வாட்டர் பம்ப்பின் அடிப்பகுதியையும் பாருங்கள். உதிர்ந்த ரப்பர் செதில்கள் புதிய ஃபில்ட்டரில் சேர்ந்திருக்கும். 500 கிலோமீட்டருக்குள் அதையும் ஒரு முறை மாற்றிவிடுங்கள்.